திரைக்குத் தெரியாத சேதி

நவம்பர் 12

இன்று வேளாந்துறை மீனவர் சங்கக் கட்டடத்தில் என் படகுப் பலகைக்குத் திறப்பு விழா. பங்குத் தந்தை டிவியின் மேல் தீர்த்தம் தெளித்தார். பின்பக்கம் மட்டும் வேண்டாம் சாமி என்று நான் கெஞ்சியதும் கூட்டமே சிரித்தது. சங்கச் செயலாளர் ததேயுஸ் அண்ணன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார் என்று சொல்லியிருந்தார்கள். விடவில்லை.

பலகை என்றால் சுவரில் மாட்டிய ஒரு பெரிய டிவி, பக்கத்து மேசையில் ஒரு டேப்லெட். ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு கட்டம். பெயர், ஆட்கள், கடலிலா கரையிலா, கடைசியாக வந்த சேதி. படகை ஓட்டும் ஸ்ராங்குகள் எந்தத் துறைமுகத்தில் கரை பிடித்தாலும் போனிலிருந்து எந்தப் படகின் கட்டத்திலும் சேதி போடலாம். போட்டதும் இங்கே கட்டம் தானாக மாறும், சில நொடி மஞ்சளாக ஒளிரும். அந்த மஞ்சளை யாரும் கேட்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு. கூட்டம் கைதட்டியது அதற்குத்தான்.

பெங்களூரில் வேலை போனபிறகு யாராவது எனக்குக் கைதட்டி வெகுநாளாகிவிட்டது. சங்கத்து மாடியிலேயே ஓர் அறையும் தந்திருக்கிறார்கள். குழாயில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது.

நவம்பர் 16

புயல் எச்சரிக்கை. காலையிலிருந்து படகுகள் கண்ட கண்ட துறைமுகங்களில் ஒதுங்குகின்றன. ஒவ்வொன்றாக மஞ்சள் ஒளிர்ந்து "கரையில்" என்று மாற, கீழே பெண்கள் சத்தமாக மாதாவுக்கு நன்றி சொல்கிறார்கள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அந்த நன்றியில் கொஞ்சம் எனக்கும் சேரும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 18

எல்லாம் வந்துவிட்டன. "ஆரோக்கிய நாயகி" மட்டும் வரவில்லை. ஆறு பேர். கட்டத்தில் "கடலில்" என்றே இருக்கிறது.

நவம்பர் 20

துணி எதுவும் காயவில்லை. ஈரச் சுடிதாரை மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போட்டேன்.

மாலை ஜெபமாலை முடிந்து எல்லாரும் கலைகிற நேரம். ஆரோக்கிய நாயகியின் கட்டம் மஞ்சளாக ஒளிர்ந்தது. ஒரே ஒரு தடவை. ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே பெயர், அதே ஆறு பேர், அதே "கடலில்". ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"அவிய கூப்பிடுதாவ" என்றார் ஒரு பெண். அவர்தான் பிளாரன்ஸ் அக்கா, அந்தப் படகின் ஸ்ராங்கு கிளீட்டஸின் மனைவி.

கோளாறாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் வரவில்லை.

நவம்பர் 21

இன்றும் ஒளிர்ந்தது. அதே மாலை நேரம். இரண்டு படகுகள் தேடக் கிளம்பியிருக்கின்றன. உயிர் இருக்கப்போய்த்தானே விளக்கு எரியுது என்று துறைமுகம் முழுக்கப் பேச்சு.

போனில் வருகிற புரளிகள் இன்னொரு பக்கம். யாரோ பிணம் ஒதுங்கியதாகச் சொல்லி ஒரு தெருவே அழுது தீர்த்தபின் அது பொய்யென்று தெரிந்தது. ததேயுஸ் அண்ணன் கோபத்தில் எல்லா ஸ்ராங்குகளுக்கும் உத்தரவு போட்டுவிட்டார்: "இனிமே போன்ல ஒருத்தனும் சேதி சொல்லப்பிடாது. போர்டுல போடுங்க. போர்டுல வந்தாத்தான் சேதி."

பெருமையாக இருந்தது. இருந்திருக்கக் கூடாதோ என்னவோ.

நவம்பர் 22

ஒளிர்ந்தது.

நவம்பர் 23

என் மடிக்கணினியிலும் பலகையைத் திறந்து வைத்திருக்கிறேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவரில் லேசாக மஞ்சள் படிந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் எழுதிய நிரலுக்கு நானே பயப்படுவதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். தோசை தீய்ந்துவிட்டது.

நவம்பர் 24

பேய் பிடிபட்டது.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். திரை தானாக எதையும் கவனிப்பதில்லை. படகைப் பற்றிய விவரங்களை ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். விவரம் மாறினால் பழைய பெட்டியைத் திறந்து திருத்தக் கூடாது. புதுப் பெட்டி செய்து அதை வைக்க வேண்டும். திரை பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது. இது பழைய பெட்டியா, புதுப் பெட்டியா என்று மட்டும் பார்க்கும். புதியது என்றால் மறுபடி வரையும். அப்படி வரையும்போதெல்லாம் மஞ்சள் காட்டு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். மாறினால் மஞ்சள் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் நான் எழுதியது, பெட்டி புதிதானால் மஞ்சள் என்பதை. இரண்டும் ஒன்றில்லை.

டேப்லெட்டில் ஒரு கட்டத்தைத் தொட்டால் அந்தப் படகின் பக்கம் திறக்கும்; திரை கடைசியாக வரைந்ததையே அதுவும் காட்டும், யாராவது மாற்றிய வரி மட்டும்தான் சேமிக்கப்படும். அதில் "சேமி" என்று ஒரே ஒரு பொத்தான். திரும்பிப் போகத் தனிப் பொத்தான் வைக்க மறந்துவிட்டேன். யாராவது சும்மா திறந்து பார்த்துவிட்டு, வெளியே வர "சேமி"யை அழுத்தினால், உள்ளே ஒன்றும் மாறாமலேயே புதுப் பெட்டி ஒன்று கிளம்பி எல்லாத் திரைக்கும் போகும்.

தினமும் மாலையில் யாரோ அந்தப் படகைத் திறந்து பார்க்கிறார்கள்.

நவம்பர் 25

யார் என்று பார்க்க மாலையில் கீழே போய் உட்கார்ந்தேன். பிளாரன்ஸ் அக்கா வந்தார். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு டேப்லெட்டைத் தொட்டார். கணவன் பெயர் இருக்கும் வரியைத் தடவினார். பிறகு "சேமி"யை அழுத்திவிட்டு, வேகமாகத் திரும்பி டிவியைப் பார்த்தார். மஞ்சள்.

"பாத்தியா மக்களே? நான் வந்தாத்தான் அவிய பேசுவாவ. வேற யாரு வந்தாலும் பேசமாட்டாவ." இங்கே மகளை மக்களே என்றுதான் கூப்பிடுவார்கள்.

சொல்லிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா, பேசுவது அவரில்லை, உங்கள் விரல்தான். இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

"சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"அவிய வரட்டும்" என்றார்.

பின்வரிசையில் சுவரோரமாக இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தார். செலின். அந்தப் படகில் சமையல் பார்க்கும் மரியதாசனின் மனைவி. அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. ஜெபமாலையை உருட்டிவிட்டு எழுந்து போனார்.

நவம்பர் 27

தேடப் போன படகுகளில் ஒன்று அலையில் சாய்ந்து, இரண்டு பையன்கள் தண்ணீரில் விழுந்துவிட்டார்கள். எப்படியோ இழுத்துப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். ததேயுஸ் அண்ணன் மாடியேறி வந்து என் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பிள்ளே, உள்ளதச் சொல்லு. அந்த வெளிச்சம் படகுல இருந்து வருதா?"

"இல்லண்ணே."

"பின்ன?"

சொன்னேன்.

"அத நிறுத்து. பிளாரன்ஸ்கிட்ட ஒண்ணும் சொல்லாத, அது தாங்காது. வெளிச்சம் நின்னா பயலுவ தேடப் போமாட்டானுவ. இருக்கிறவனையும் கடலுக்குக் குடுக்க முடியாது, கேட்டியா?"

நியாயமாகத்தான் பட்டது. இன்றும் நியாயமாகத்தான் படுகிறது.

நவம்பர் 28

நிறுத்திவிட்டேன்.

சரியான வழி எது என்று தெரியும். பழைய விவரத்தையும் புதிய விவரத்தையும் ஒப்பிட்டு, நிஜமாகவே மாறியிருந்தால் மட்டும் மஞ்சள் காட்டச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நாள் உட்கார வேண்டும். தலைவலி, மழை, கீழே ஜெபச் சத்தம். இரண்டு வரியில் முடித்தேன். ஆரோக்கிய நாயகிக்கு எது வந்தாலும் புதுப் பெட்டி வேண்டாம், பழைய பெட்டிக்குள்ளேயே எழுதிக்கொள். திரை கண்டுகொள்ளாது. ஒரு வாரத்துக்குத்தானே. பிறகு ஒழுங்காக எழுதிக்கொள்ளலாம்.

டிவி, டேப்லெட், என் மடிக்கணினி மூன்றிலும் புதியதை ஏற்றிவிட்டு வந்து படுத்தேன்.

நவம்பர் 29

அமைதி. ஒரு தடவைகூட ஒளிரவில்லை.

நவம்பர் 30

பிளாரன்ஸ் அக்கா நேற்றும் அழுத்தினாராம், இன்றும் அழுத்தினார். இன்று நான் பக்கத்திலேயே நின்றேன். அழுத்தினார், டிவியைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நின்னுட்டுல்லா மக்களே?"

நான் எப்படித் தலையாட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. அவர் அழவில்லை. டேப்லெட்டின் கண்ணாடியைத் தலைப்பால் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். தாலியைக் கழற்றி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாராம். தேடப் போன படகுகளும் இன்று திரும்பிவிட்டன.

டிசம்பர் 1

ஆறு பேருக்கும் சேர்த்து நான்காம் தேதி இரங்கல் பூசை என்று கோயிலில் அறிவித்தார்கள். ஆறு வெறும் பெட்டிகள் செய்யச் சொல்லியிருக்கிறது. பெட்டி என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பு கூசுகிறது.

எரிவாயு தீர்ந்துவிட்டது. டீக்கடையில் சாப்பிட்டேன். கட்டத்தை ஒழுங்காகத் திருத்தி எழுத வேண்டும். நாளைக்கு.

டிசம்பர் 2

எழுதவில்லை. மடிக்கணினியை மூடியே வைத்திருக்கிறேன். மூடிய மடிக்கணினியின் ஓரத்தில் மஞ்சள் கசிவதாகத் தோன்றுகிறது. இரண்டு தடவை திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

டிசம்பர் 3

மத்தியானம் இடியோடு மழை. கரண்ட் போனது. கீழே பெண்கள் நாளைய பூசைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் பூ கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் டிவி அணைந்து எரிந்து, பலகையை முதலிலிருந்து வரைந்தது. முதல்முறை வரையும்போது மஞ்சள் வராது. அதனால் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிளாரன்ஸ் அக்கா மட்டும் பார்த்தார், பழக்கத்தில்.

எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

"இன்ஜின் போச்சு. ஆறு பேரும் உசிரோட இருக்காவ. தண்ணி குடுத்தோம். எங்க படகால இழுக்க முடியல. இடம் கீழே. கோஸ்ட் கார்டுக்கு உடனே சொல்லுங்க. பெர்னார்டு."

மாலைகள் எல்லாம் மிதிபட்டன. ததேயுஸ் அண்ணன் போனை வைத்துக்கொண்டு கத்தினார். பிளாரன்ஸ் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "உன் டிவி சொல்லிட்டு மக்களே, உன் டிவி சொல்லிட்டு" என்று குலுங்கினார்.

சேதி வந்துவிட்டது. நல்லது. எப்போது வந்தது என்று நான் பார்க்கவில்லை. இப்போது அதற்கு அவசியமும் இல்லை. அறைக்கு வந்து அந்த இரண்டு வரியை மட்டும் அழித்து, மூன்றிலும் மறுபடி ஏற்றினேன்.

டிசம்பர் 5

கடலோரக் காவல் படை கொண்டுவந்து சேர்த்தது. ஐந்து பேர் நடந்து இறங்கினார்கள். மரியதாசனைத் தூக்கி இறக்கினார்கள். செலின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கத்தில் யாரோ, "ஆறு பேரும் உயிரோடன்னுதானே போட்டிருந்தாவ" என்றார்கள்.

டிசம்பர் 6

அடக்கம் முடிந்தது. கிளீட்டஸ் உதடெல்லாம் வெடித்துப்போய்த் திண்டில் சாய்ந்திருக்கிறார். பிளாரன்ஸ் அக்கா என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போய், இந்தப் பிள்ளை செய்த டிவியால்தான் நீங்கள் வந்தீர்கள் என்று அவரிடம் காட்டினார்.

கிளீட்டஸ் மெதுவாகத்தான் பேசினார். "பெர்னார்டு தண்ணி தந்துட்டுச் சொன்னான், நாளக்கிக் காலையில கரை பிடிச்சதும் போர்டுல போட்டுருவேன், மறுநாளே ஆளு வருவாவன்னு. அதுக்குப் பொறவு நாங்க தண்ணிய அளந்து குடிக்கல. வருவாவல்லான்னு குடிச்சோம். தீந்த பொறவும் ஒருத்தரும் வரல. மரியதாசன் அண்ணன் தாகம் தாங்காம உப்புத் தண்ணிய அள்ளிக் குடிச்சிட்டாவ. கோஸ்ட் கார்டு வந்ததுக்கு முந்தின நாள் போய்ட்டாவ."

பிளாரன்ஸ் அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

ஊர் முழுக்க இப்போது ஒரே பேச்சு. பெர்னார்டு சோம்பேறித்தனத்தில் சேதியைத் தாமதமாகப் போட்டுவிட்டான், ஓர் உயிரை எடுத்துவிட்டான்.

டிசம்பர் 7

சேதி பதிவான நேரத்தைப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 29, காலை ஏழு மணி. நான் இந்த நோட்டில் "அமைதி" என்று எழுதிய அதே நாள்.

பெர்னார்டு சொன்னபடி கரை பிடித்த காலையிலேயே போட்டிருக்கிறான். சேதி வந்து சேர்ந்தது. பழைய பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கரண்ட் போகிறவரை அங்கேயே இருந்தது. மறுநாள் பிளாரன்ஸ் அக்காவுக்குப் பக்கத்தில் நான் நின்றபோதும் அது அந்த டிவிக்குள்ளேதான் இருந்தது. என் மூடிய மடிக்கணினிக்குள்ளும் இருந்தது.

பதிவான நேரம் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கட்டத்தில் நேரம் காட்ட நான் ஏற்பாடு செய்யவில்லை. அசிங்கமாக இருக்கும் என்று விட்டிருந்தேன்.

பயமாக இருக்கிறது. இந்தப் பயம் பேய்க்கு இல்லை.

டிசம்பர் 8

பெர்னார்டு வந்தார். பக்கத்து ஊர் ஸ்ராங்கு, இந்தச் சங்கத்தில்தான் இருக்கிறார். ஒல்லியான மனிதர். துக்கம் கேட்க வந்தவரைச் சங்கத்துக்குள் நிறுத்திவைத்துவிட்டார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தான்.

"கரை பிடிச்ச அன்னைக்கே போட்டேன். மாதா மேல சத்தியமா போட்டேன். ததேயுஸ் அண்ணனுக்குப் போனும் அடிச்சேன், எடுக்கல. போட்டதும் பதிவாயிட்டுன்னு வந்துது. அத நம்பித்தான் மறுபடியும் கடலுக்குப் போனேன்."

"போட்டா டிவில வராம எங்கல போச்சு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ததேயுஸ் அண்ணனும் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். செலின் அதே சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

டேப்லெட்டுக்குப் போய் ஆரோக்கிய நாயகியைத் தொட்டேன். பெர்னார்டின் சேதிக்குக் கீழே தட்டினேன்: "இது வந்த நேரம், நவம்பர் 29, காலை 7 மணி." பிறகு பிளாரன்ஸ் அக்கா தினமும் அழுத்திய அதே பொத்தானை அழுத்தினேன்.

கட்டம் மஞ்சளாக ஒளிர்ந்தது. இந்தத் தடவை உண்மையாகவே ஒன்று மாறியிருந்தது.

யாரோ அதை வாசித்தார்கள். சட்டையைப் பிடித்திருந்த கை இறங்கியது.

"அப்போ நாங்க ஏன் பாக்கல?" என்று கேட்டது செலின். அவர் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

"சேதி வந்துச்சு அக்கா. அந்த வெளிச்சத்த நிறுத்தணும்னு நான் ஒரு காரியம் செஞ்சேன். அதுல சேதியும் மறைஞ்சுபோச்சு. இவர் மேல தப்பு இல்ல. நான்தான்."

"நான் சொல்லித்தான் செஞ்சா" என்றார் ததேயுஸ் அண்ணன்.

"நிறுத்தச் சொன்னது அவரு. அரைகுறையா நிறுத்துனது நான்" என்றேன்.

செலின் என்னை ஏசுவார், அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏழு மணிக்கு அவிய உசிரோடதான் இருந்தாவ, என்ன?"

"ஆமா அக்கா."

"ஆறு பேருன்னு போட்டிருக்குல்லா."

"ஆமா."

பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "நீரு இரியும்" என்று பெர்னார்டைப் பார்த்துச் சொன்னார். அவர் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிளாரன்ஸ் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

டிசம்பர் 10

நான் போகலாமா என்று ததேயுஸ் அண்ணனிடம் கேட்டேன். "எங்க போவ? முதல்ல அதச் சரியாக்கு" என்றார். இரண்டு நாளாக உட்கார்ந்து சரிசெய்துவிட்டேன். விவரம் மாறினால்தான் இனி மஞ்சள் வரும். திரும்பிப் போக ஒரு பொத்தானும் வைத்தாகிவிட்டது. சேதி பதிவான நேரம் எல்லாக் கட்டத்திலும் தெரியும். இன்னும் டிவியில் ஏற்றவில்லை. நாளைக் காலையில் ஏற்ற வேண்டும்.

டிசம்பர் 11

காலையில் ஏற்ற முடியவில்லை. நெட் இல்லை. மாலையில் சரியானது. ஏற்றுவதற்காகக் கீழே இறங்கினேன்.

கூடத்தில் யாரும் இல்லை என்று நினைத்தேன். டிவியில் ஆரோக்கிய நாயகி மஞ்சளாக ஒளிர்ந்தது. பிளாரன்ஸ் அக்காவுக்கு இனி இங்கே வேலை இல்லை, கிளீட்டஸ் வீட்டில் இருக்கிறார். டேப்லெட்டுக்கு முன்னால் செலின் நின்றிருந்தார். கட்டத்தைத் திறந்தார். "ஆறு பேரும் உசிரோட இருக்காவ" என்ற வரியின் மேல் விரல் வைத்தார். "சேமி"யை அழுத்திவிட்டு டிவியைப் பார்த்தார். மறுபடியும் திறந்தார்.

நான் ஏற்றாமல் மாடிக்கு வந்துவிட்டேன்.